லில்லஹாமரில் ஆள் மாறிய இரவு

1973 ஜூலை 21, சனிக்கிழமை. நார்வேயில் லில்லஹாமர் என்றொரு சிறு நகரம். கோடையில் அந்த ஊர் வானம் இரவு பத்தரை மணிக்கும் முழுதாக இருட்டாது. அகமது புஷிக்கி என்ற மொராக்கோக்காரர், வயது முப்பது, கர்ப்பிணியான தன் நார்வே மனைவியோடு சினிமா பார்த்துவிட்டு பஸ்ஸில் வந்து இறங்கினார். அவர்கள் பார்த்த படம் ‘வேர் ஈகிள்ஸ் டேர்’. ஜெர்மானியரின் மலைக்கோட்டைக்குள் நேசநாட்டு உளவாளிகள் வேடம் மாற்றி நுழையும் சாகசக் கதை. நிறுத்தத்திலிருந்து வீட்டை நோக்கி இருவரும் நடந்தபோது பக்கத்தில் ஒரு கார் வந்து நின்றது. அதிலிருந்து இறங்கியவர்கள் புஷிக்கியின் உடம்பில் பத்துக்கும் மேற்பட்ட குண்டுகளைச் சுட்டார்கள். சத்தம் குறைந்த சிறிய துப்பாக்கிகள். மனைவிக்குக் காயமில்லை. தெருவில் கிடந்த கணவனின் பக்கத்தில் அவர் மட்டும் நின்றார்.

புஷிக்கி ஓர் உணவகப் பணியாளர். ஊர் நீச்சல் குளத்திலும் வேலை பார்த்தார். அவரைச் சுட்டவர்கள் இஸ்ரேலின் உளவு அமைப்பான மொசாட்டின் ஆட்கள். சுட்டபோது அவர்கள் மனத்தில் இருந்த பெயர் அலி ஹசன் சலாமே. மியூனிக் ஒலிம்பிக் படுகொலையின் சூத்திரதாரி என்று இஸ்ரேல் நம்பிய பாலஸ்தீனர் அவர். ஓர் அரசு மரண தண்டனை விதித்திருந்தது, அது வேறு ஒருவன் மீது நிறைவேறிவிட்டது.

என் வாழ்நாளின் பெரும்பகுதியை அமர்வு நீதிமன்றங்களில், கொலைக் குற்றம் சாட்டப்பட்டவர்களின் பக்கம் நின்று கழித்தவன் நான். ஸ்டீவன் ஸ்பீல்பெர்க்கின் ‘மியூனிக்’ 2005-இல் வந்ததிலிருந்து பலமுறை அதைப் பார்த்திருக்கிறேன். டோனி குஷ்னரும் எரிக் ராத்தும் எழுதிய திரைக்கதை, எரிக் பானாவின் நடிப்பு, 1970-களின் ஐரோப்பாவை அப்படியே நிறுத்திய காட்சிகள் எல்லாமே உயர்ந்த தரம். பழிவாங்கப் போகிறவன் எப்படிக் கொஞ்சம் கொஞ்சமாகச் சிதைகிறான் என்பதை அதைவிட நேர்மையாகச் சொன்ன உளவுப் படம் என் நினைவில் இல்லை. ஆனால் அந்தப் படத்தில் லில்லஹாமர் இல்லை. புஷிக்கி இல்லை. பழிவாங்கும் அரசைப் பற்றிய படத்தில் அந்த அரசு ஆள் தெரியாமல் கொன்ற மனிதனுக்கு இடமில்லாமல் போனது எனக்குச் சின்ன விஷயமாகப் படவில்லை.

முதலில் மியூனிக்கில் நடந்ததைச் சொல்லியாக வேண்டும். அதைச் சொல்லாமல் பழியைப் பற்றிப் பேசுவது செத்தவர்களுக்குச் செய்யும் அநியாயம். 1972 செப்டம்பர் 5 விடியற்காலை, ‘கறுப்பு செப்டம்பர்’ என்ற பாலஸ்தீனக் குழுவைச் சேர்ந்த எட்டுப் பேர் ஒலிம்பிக் கிராமத்தின் வேலியைத் தாண்டிக் குதித்து, இஸ்ரேல் அணி தங்கியிருந்த கோனோலி தெரு 31-ஆம் எண் கட்டடத்தில் புகுந்தார்கள். மல்யுத்தப் பயிற்சியாளர் மோஷே வைன்பெர்க், பளு தூக்கும் வீரர் யோசெஃப் ரொமானோ இருவரையும் அங்கேயே கொன்றார்கள். மற்ற ஒன்பது பேரைப் பிணைக்கைதிகளாக்கி, இஸ்ரேல் சிறைகளில் இருந்த இருநூற்றுக்கும் மேற்பட்டோரை விடுவிக்கச் சொன்னார்கள். பிரதமர் கோல்டா மேயர் மறுத்தார். அன்றிரவு ஃபூர்ஸ்டன்ஃபெல்ட்புரூக் விமானதளத்தில் மேற்கு ஜெர்மன் போலீஸ் மீட்பு நடவடிக்கை என்று ஒன்றை நடத்தியது. எட்டுத் துப்பாக்கிக்காரர்களுக்கு எதிராக நிறுத்திய குறிபார்த்துச் சுடுபவர்கள் ஐந்து பேர். அதற்கென்று பயிற்சி பெற்றவர்கள் அல்ல, ஒருவரோடொருவர் பேச வானொலியும் கிடையாது. விமானத்துக்குள் பதுங்கியிருக்க வேண்டிய போலீஸ்காரர்கள் கடைசி நேரத்தில் தாங்களாகவே முடிவெடுத்து இறங்கிப் போய்விட்டார்கள். கவச வண்டிகள் போக்குவரத்து நெரிசலில் மாட்டிக்கொண்டன. ஒன்பது பேரும் செத்தார்கள். ஒரு ஜெர்மன் போலீஸ்காரரும், தாக்கியவர்களில் ஐந்து பேரும் செத்தார்கள். மொசாட் தலைவர் ஸ்வி ஸமீர் அந்த இரவு அங்கேயே நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

உயிரோடு பிடிபட்டவர்கள் மூன்று பேர். அவர்கள் மீது வழக்கு நடந்திருந்தால் இந்தக் கதை வேறு திசையில் போயிருக்கலாம். நடக்கவில்லை. அக்டோபர் 29-ஆம் தேதி லுஃப்தான்சா விமானம் ஒன்று கடத்தப்பட்டது. சில மணி நேரத்துக்குள் மேற்கு ஜெர்மனி மூவரையும் ஒப்படைத்துவிட்டது. லிபியாவில் அவர்களுக்கு வீர வரவேற்பு. பதினோரு பேரைப் பறிகொடுத்த ஒரு நாடு, இரண்டு மாதம்கூட முடிவதற்குள் கொலையாளிகள் தோளில் தூக்கப்பட்டதைப் பார்த்தது. அந்த நாட்டுக்காரர்களின் ஆத்திரத்தை என்னால் முழுமையாகப் புரிந்துகொள்ள முடிகிறது. அதைத் தவறு என்று சொல்ல எனக்கு வாய் வராது.

ஆத்திரம் நியாயமானதாக இருக்கலாம். அதை வைத்து யாரைக் கொல்வது என்பதைத் தீர்மானிப்பது வேறு வேலை. கோல்டா மேயரின் சிறு குழு ஒன்று பெயர்களுக்கு ஒப்புதல் கொடுத்தது. மியூனிக் கைதிகள் விடுவிக்கப்படுவதற்கு முன்பே, அக்டோபர் 16-ஆம் தேதி, ரோம் நகரில் வாயில் ஸுவைத்தர் தன் அடுக்குமாடிக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் லிஃப்டுக்கு அருகே சுட்டுக் கொல்லப்பட்டார். லிபியத் தூதரகத்தில் மொழிபெயர்ப்பாளர். ‘ஆயிரத்தொரு இரவுகள்’ நூலை அரபியிலிருந்து இத்தாலிய மொழிக்குக் கொண்டுவரும் வேலையில் இருந்தவர். அவர் கையோடு வைத்திருந்த அந்த நூலின் பிரதியிலும் ஒரு குண்டு பாய்ந்திருந்தது. பாலஸ்தீனக் கலைஞர் எமிலி ஜாசிர் பிற்பாடு அந்தக் குண்டு துளைத்த பக்கங்களை வைத்து ஒரு காட்சியமைப்பே உருவாக்கினார். டிசம்பரில் பாரிஸ். பாலஸ்தீன விடுதலை இயக்கத்தின் பிரதிநிதி மஹ்மூத் ஹம்ஷாரியின் வீட்டுத் தொலைபேசிக்கு அடியில் வெடிகுண்டு. பத்திரிகையாளர் என்று சொல்லி அழைத்த ஒருவர் எதிர்முனையில் அவர் குரலை உறுதி செய்துகொண்டதும் வெடித்தது. ஒரு மாதம் மருத்துவமனையில் கிடந்து இறந்தார். பிறகு நிக்கோசியா, மறுபடி பாரிஸ், 1973 ஏப்ரலில் பெய்ரூட். பெய்ரூட்டில் கமாண்டோக்கள் கடல்வழியாக இறங்கி மூன்று தலைவர்களை அவர்கள் வீட்டிலேயே கொன்றார்கள். ஒருவருடைய மனைவியும், பக்கத்து வீட்டு இத்தாலிய மூதாட்டியும் அதில் இறந்தார்கள்.

ஸ்பீல்பெர்க் இவற்றில் பலவற்றைக் காட்டுகிறார். ஹம்ஷாரியின் மகள் தொலைபேசியை எடுத்துவிடும் காட்சியில், குழுவில் ஒருவன் காரை நோக்கி ஓடி வெடிக்க வேண்டாம் என்று தடுக்கும்போது, திரையரங்கில் மூச்சு நின்றுவிடும். ஆனாலும் என் மனத்தில் தங்கியது வேறொரு சின்னக் காட்சி. வேலையை ஏற்றுக்கொண்ட நாயகன் அவ்னரிடம் கணக்கதிகாரி பணத்தைக் கொடுத்துவிட்டு, செய்யும் ஒவ்வொரு செலவுக்கும் ரசீது கொண்டுவர வேண்டும் என்று கண்டிப்பாகச் சொல்கிறார். ஓட்டல் அறைக்கு ரசீது வேண்டும். கொல்லப்படப் போகிறவன் குற்றவாளி என்பதற்கு எந்தத் தாளும் வேண்டாம். எல்லாம் முடிந்த பிறகுதான் அவ்னர் அதைக் கேட்கிறான். நான் கொன்றவர்களுக்கும் மியூனிக்குக்கும் தொடர்பு இருந்ததற்கு என்ன ஆதாரம் என்று மேலதிகாரியிடம் மன்றாடுகிறான். நல்ல கேள்வி, பிந்திப்போன கேள்வி. படம் அதை ஒரு மனிதனின் மனச்சாட்சிக் குமுறலாக வைக்கிறது. என் தொழிலில் அது முதல் நாள் கேட்க வேண்டிய கேள்வி.

ஸுவைத்தர் விஷயத்தில் அந்தக் கேள்விக்கு இன்றுவரை தெளிவான பதிலில்லை. இஸ்ரேலியப் பத்திரிகையாளர் ஆரோன் கிளைன், மொசாட்டின் பழைய ஆட்களிடம் பேசி 2005-இல் எழுதிய நூலில், அவருக்கு எதிரான தகவல்கள் சரியாக ஒத்துப்பார்க்கப்படாதவை என்றே சொல்கிறார். மியூனிக்கோடு நேரடித் தொடர்புள்ளவர்கள் பெரும்பாலும் கிழக்கு ஐரோப்பாவிலும் அரபு நாடுகளிலும் பாதுகாப்பாக இருந்தார்கள், மேற்கு ஐரோப்பாவில் காவல் இல்லாமல் நடமாடியவர்கள்தான் கொல்லப்பட்டார்கள் என்பது அந்த நூலின் வாதம். எட்டினவனைக் கொன்றார்கள் என்று சுருக்கமாகச் சொல்லலாம்.

தென் மாவட்டங்களில் பழிக்குப் பழி என்று நடந்த கொலை வழக்குகள் எனக்குப் பழக்கம். அண்ணனை வெட்டியவனின் தம்பியை வெட்டுவது, தம்பி கிடைக்காவிட்டால் பெரியப்பா மகனை வெட்டுவது. ஒருமுறை சிறையில் என் கட்சிக்காரர் கம்பிக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு, “ஆளு மாறிப்போச்சு வக்கீலய்யா, இருட்டுல அவன் அண்ணன்னு நெனச்சிட்டோம்” என்றார். செத்தவன் அன்று ஊருக்கு விருந்தாளியாக வந்தவன். சட்டத்துக்கு முன்னால் அந்தக் கொலைக்கும் மற்ற கொலைக்கும் வித்தியாசமில்லை. ஒருவனைக் குறிவைத்து இன்னொருவனைக் கொன்றாலும் அது கொலைதான் என்று இந்திய தண்டனைச் சட்டம் 301-ஆம் பிரிவிலேயே எழுதி வைத்திருந்தது. அந்த மனிதருக்காக நான் வாதாடினேன். அவர் செய்தது சரி என்று ஒரு நாளும் நினைக்கவில்லை. அவரையும் அவரைப் போன்றவர்களையும் தடுக்கத்தானே அரசு என்ற ஒன்று இருக்கிறது? தனி மனிதன் கையிலிருந்த அரிவாளை வாங்கிக்கொண்டு, நான் விசாரித்துத் தண்டனை தருகிறேன், நீ வீட்டுக்குப் போ என்று சொன்னதால்தான் அரசுக்குத் தூக்குக் கயிறு வைத்திருக்கும் உரிமையே வந்தது. அந்தக் கயிறையே வேண்டாம் என்பவன் நான், அது வேறு வழக்கு. வைத்திருந்தாலும் விசாரணை வேண்டும். எங்கள் ஊரில் அமர்வு நீதிபதி மரண தண்டனை விதித்தால் அது அப்படியே நிறைவேறாது. உயர் நீதிமன்றம் சாட்சியத்தை மறுபடி எடைபோட்டு உறுதி செய்ய வேண்டும். அதன் பிறகு உச்ச நீதிமன்றம், அதன் பிறகு கருணை மனு. இத்தனை வாசலையும் தாண்டியும் தவறு நடந்திருக்கிறது. ஒரு வாசலும் இல்லாத இடத்தில் என்ன நடக்கும் என்பதற்கு லில்லஹாமர்தான் சாட்சி.

அங்கே அடையாளம் கண்ட விதத்தைப் பாருங்கள். கமால் பெனமானே என்ற அல்ஜீரியர் சலாமேயிடம் கொண்டுபோய்ச் சேர்ப்பார் என்று நம்பி, அவரை ஜெனீவாவிலிருந்து நார்வே வரை பின்தொடர்ந்தார்கள். லில்லஹாமரில் ஒரு காபி கடையில் அவர் ஒருவரிடம் பேசினார். அந்த ஒருவர் புஷிக்கி. கையிலிருந்த புகைப்படத்தோடு முகத்தை ஒப்பிட்டார்கள், பொருந்துகிறது என்றார்கள். மறுநாள் நீச்சல் குளத்துக்குப் பின்தொடர்ந்தார்கள். குழுவில் இருந்த பெண் ஒருவர் நீச்சல் உடை வாங்கிப் போட்டுக்கொண்டு தண்ணீரில் இறங்கி, அவர் இன்னொருவரோடு பிரெஞ்சில் பேசியதைப் பக்கத்தில் நீந்தியபடி கேட்டார். உலகமெங்கும் தேடப்பட்ட ஒரு தலைவன் காவல் இல்லாமல் சைக்கிளில் போகிறான், சிறிய வீட்டில் கர்ப்பிணி மனைவியோடு வாழ்கிறான், தெருவில் ஊர்க்காரர்களுக்குத் தெரிந்தவனாக நடக்கிறான். ஒரு சந்தேகத்துக்கு இதற்குமேல் என்ன வேண்டும்? அடையாள அணிவகுப்பில் இப்படி ஒரு சாட்சி வந்திருந்தால், எங்கள் நீதிமன்றத்தில் ஜூனியர் வக்கீல்கூட அரை மணி நேரத்தில் உடைத்திருப்பார். புஷிக்கிக்கு அந்த அரை மணி நேரம் கிடைக்கவில்லை. உன் பெயர் என்ன என்று அவரிடம் யாரும் கேட்கவில்லை.

கொன்றவர்கள் ஊரைவிட்டுப் போய்விட்டார்கள். உதவிக்கு வந்தவர்கள் மாட்டிக்கொண்டார்கள். வாடகைக் காரின் எண்ணைப் போலீஸ் குறித்து வைத்திருந்தது. மறுநாள் ஆஸ்லோ விமான நிலையத்தில் அதே காரைத் திருப்பிக் கொடுக்க வந்த இருவர் பிடிபட்டார்கள். அதில் டான் ஆர்பெல் என்பவருக்கு மூடிய சின்ன அறை என்றாலே பயம். பூட்டிய அறையில் அவர் தாங்கவில்லை, பேசிவிட்டார். அவரிடமிருந்து வீடுகள், சாவிகள், பெயர்கள் என்று ஒவ்வொன்றாக வெளியே வந்தன. இருவர் இஸ்ரேல் தூதரகப் பாதுகாப்பு அதிகாரியின் வீட்டிலேயே கைதானார்கள். மொத்தம் ஆறு பேர். 1974-இன் தொடக்கத்தில் நார்வே நீதிமன்றம் அவர்களில் ஐந்து பேரைக் குற்றவாளிகள் என்றது, ஒருவரை விடுவித்தது. அதிகபட்சத் தண்டனை ஐந்தரை ஆண்டு. 1975-க்குள் எல்லோரும் வெளியே வந்துவிட்டார்கள். கனடாப் புகைப்படக்காரர் என்ற போர்வையில் வந்த சில்வியா ரஃபாயேல், தனக்காக வாதாடிய நார்வே வக்கீலையே பின்னாளில் மணந்துகொண்டார்.

தண்டனை குறைவு என்று கோபப்படுகிறவர்கள் உண்டு. எனக்கு அந்த வழக்கின் மேல் மரியாதை இருக்கிறது. அந்தப் பழிவாங்கும் தொடரில் நடந்த கொலைகளில், செய்தவர்களைக் கூண்டில் நிறுத்தி, சாட்சி கேட்டு, பகல் வெளிச்சத்தில் நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது இந்த ஒன்றுக்குத்தான். செய்தவர்களுக்கு வக்கீல் இருந்தார்கள், குறுக்கு விசாரணை இருந்தது, ஒருவருக்குச் சந்தேகத்தின் பலன் கிடைத்தது. செத்தவருக்கு மறுக்கப்பட்ட ஒவ்வொன்றும் சுட்டவர்களின் கூட்டாளிகளுக்குக் கிடைத்தது. கிடைத்ததில் எனக்கு ஆட்சேபம் இல்லை. நீதி அப்படித்தான் நடக்க வேண்டும்.

வேறு வழி இருந்ததா என்று கேட்பார்கள். இருந்தது, அதே இஸ்ரேல் அதைச் செய்தும் காட்டியிருந்தது. லட்சக்கணக்கான யூதர்களைக் கொலைக்களத்துக்கு அனுப்பிய அடால்ஃப் ஐக்மனை 1960-இல் அர்ஜென்டினாவில் பிடித்தது இதே மொசாட்தான். பிடித்தவர்களுக்கு அவனை அங்கேயே சுட்டுவிட எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? ஜெருசலேமுக்குக் கொண்டுவந்தார்கள். கண்ணாடிக் கூண்டில் உட்காரவைத்தார்கள். அவனுக்கு ஜெர்மன் வக்கீல் கொடுத்தார்கள். நூற்றுக்கும் மேற்பட்ட சாட்சிகள் பேசினார்கள். மேல்முறையீடும் கேட்கப்பட்டது. 1962-இல் தூக்கு. பிடித்த விதத்தில் அர்ஜென்டினாவின் இறையாண்மை மீறப்பட்டது என்ற குறை உண்டு. ஆனாலும் உலகம் அந்த விசாரணையில் ஒரு சமூகம் பட்ட துயரத்தைக் காது கொடுத்துக் கேட்டது. ‘மியூனிக்’ படத்தின் கடைசியில் அவ்னர் ஐக்மனைத்தான் நினைவுபடுத்துகிறான், இவர்களையும் அப்படிக் கைது செய்திருக்கலாமே என்கிறான். குஷ்னரும் ராத்தும் அந்த ஒரு வசனத்தை எழுதியதற்காகவே படத்தின் மற்ற விடுதல்களைப் பொறுத்துக்கொள்ளத் தோன்றும் எனக்கு. புஷிக்கியை விட்டதை மட்டும் முடியவில்லை. படத்தில் கொலையாளிகள் ஒவ்வொரு தடவையும் சரியான கதவைத் தட்டுகிறார்கள். கதவு தப்பலாம் என்ற பயம் பார்ப்பவனுக்கு வருவதே இல்லை.

ஆள் மாறிய பிறகு ஓர் அரசு என்ன செய்ய வேண்டும்? பொற்கொல்லன் சொன்ன ஒற்றைச் சொல்லை நம்பி, விசாரிக்காமல் கோவலனைக் கொல்லச் சொன்ன பாண்டியன், கண்ணகியின் சிலம்பு உடைந்து மாணிக்கம் தெறித்ததும், குற்றம் தன்னுடையது என்று அவையிலேயே சொல்லி விழுந்து இறந்ததாக இளங்கோ பாடினார். அரசன் சாக வேண்டும் என்று நான் கேட்கவில்லை. அவையில் சொன்னானே, அது வேண்டும். இஸ்ரேல் 1996-இல் புஷிக்கியின் குடும்பத்துக்குச் சுமார் 4 லட்சம் டாலர் கொடுத்தது. தாயின் வயிற்றிலிருந்த மகளுக்கு அப்போது இருபது வயதைத் தாண்டிவிட்டது. பணத்தோடு பொறுப்பேற்பு வரவில்லை. கொலைக்குத் தலைமை வகித்ததாகக் கருதப்பட்ட மைக் ஹராரி மீது 1990-களின் இறுதியில் நார்வே பிடிஆணை பிறப்பித்தது, ஆதாரம் போதாது என்று பின்னர் கைவிட்டது. புஷிக்கியின் தம்பி சிக்கோ, ‘ஜிப்சி கிங்ஸ்’ இசைக்குழுவைத் தொடங்கியவர்களில் ஒருவர். யுனெஸ்கோவின் சமாதானத் தூதராகப் பொறுப்பேற்றார். அண்ணனைப் பறிகொடுத்த அந்த வீட்டிலிருந்து யாரும் துப்பாக்கி எடுக்கவில்லை.

சலாமேயை இஸ்ரேல் விடவில்லை. 1979 ஜனவரி 22, பெய்ரூட். சாலையோரம் நிறுத்தியிருந்த ஃபோக்ஸ்வாகன் காரில் வெடிமருந்து, மாடி ஜன்னலில் பிரிட்டிஷ் கடவுச்சீட்டு வைத்திருந்த ஒரு பெண். இந்த முறை முகம் சரியாக இருந்தது. சலாமேயோடு அவருடைய நான்கு மெய்க்காவலர்களும், வழியோடு போன நான்கு பேரும் இறந்தார்கள். அந்த நால்வரில் ஓர் ஆங்கிலேயப் பெண்ணும் ஒரு ஜெர்மன் கன்னியாஸ்திரியும் உண்டு. மியூனிக் திட்டத்தில் சலாமேயின் பங்கு எவ்வளவு என்பதே இன்னும் விவாதத்தில் இருக்கிறது.

திட்டம் போட்டது நான்தான் என்று தானே எழுதிய ஆள் ஒருவர் உண்டு, அபூ தாவூத். 1977 ஜனவரியில் அவர் பாரிஸில் கைதானார். மேற்கு ஜெர்மனியும் இஸ்ரேலும் அவரைக் கேட்டன. விசாரணை நடத்த வேண்டியவர்கள் கைக்கே குற்றவாளி வந்து சேர்ந்த நேரம் அது. பிரான்ஸ் சில நாள் வைத்திருந்து, நடைமுறைக் காரணம் சொல்லி அல்ஜீரியாவுக்கு விமானம் ஏற்றி அனுப்பிவிட்டது. ரகசியக் கொலைகளைக் கண்டிக்கும் நான் இந்தக் கோழைத்தனத்தையும் அதே அளவுக்குக் கண்டிக்கிறேன். நீதிமன்றத்தின் கதவைச் சாத்திவிட்டு, பாதிக்கப்பட்டவனைப் பார்த்து நீ ஏன் கத்தியை எடுத்தாய் என்று கேட்பதற்கு ஐரோப்பிய அரசுகளுக்கு என்ன தகுதி இருந்தது? கொல்லப்பட்ட வாள்வீச்சுப் பயிற்சியாளர் ஆந்திரே ஸ்பிட்சரின் மனைவி ஆங்கி ஸ்பிட்சரும் மற்றக் குடும்பங்களும் ஜெர்மனியின் ஆவணங்களுக்காகவும் மன்னிப்புக்காகவும் பல பத்தாண்டுகள் போராடினார்கள். 2022 செப்டம்பரில், ஐம்பதாம் ஆண்டு நினைவு நாளில்தான், ஜெர்மன் அதிபர் ஷ்டைன்மையர் மன்னிப்புக் கேட்டார். 2.8 கோடி யூரோ இழப்பீடும் ஒப்புக்கொள்ளப்பட்டது.

அபூ தாவூத் 2010-இல் டமாஸ்கஸில் சிறுநீரகம் செயலிழந்து இறந்தார். அவர் மீதும், மியூனிக்கில் உயிரோடு பிடிபட்ட மூவர் மீதும், அந்தப் பதினோரு பேரின் கொலைக்காக எந்த நாட்டு நீதிமன்றத்திலும் விசாரணை நடக்கவில்லை.